கோலமாவில் ஓர் ஆறு

செருப்பை வாசலிலேயே கழற்றிவிட்டு வாங்க. பார்த்துக் கால் வையுங்கள், நீங்கள் இப்போது பெங்களூருவின் மேல் நிற்கிறீர்கள்! ரெண்டு அடி இந்தப் பக்கம் தள்ளி வந்தால் ஓசூர். அதோ, துளசி மாடத்துக்கு அருகே நீலப்பொடி குவிந்து கிடக்கிறதே, அதுதான் வங்கக் கடல்.

மார்ச் 21, ராத்திரி எட்டு மணி. ஓசூர்ப் பக்கத்துத் தொரப்பள்ளியில் ஒரு வீட்டு முன்வாசல். பதினான்கு பிள்ளைகள், ரெண்டு கல்லூரி அக்காக்கள், ஓய்வுபெற்ற ஆசிரியர் ஒருவர், திண்ணையில் கால் நீட்டி உட்கார்ந்திருக்கிற, எல்லோரும் அவ்வா என்று கூப்பிடுகிற பாட்டி. தரையில் கோலமாவு, நீலப்பொடி, செங்கல்பொடி, கருங்கல் ஜல்லி, அடுப்புக்கரி, வேப்பிலை. இவ்வளவுதான் சாமான். இதை வைத்துக்கொண்டு ஓர் ஆற்றையே வரைகிறார்கள். நந்தி மலையிலிருந்து கடலூர் வரைக்கும், தென்பெண்ணை முழுசாக!

விடிந்தால் மார்ச் 22, உலக தண்ணீர் நாள். 1993-லிருந்து உலகம் கடைப்பிடிக்கிற நாள். தமிழ்நாட்டில் அதற்கு இன்னொரு விசேஷமும் உண்டு. ஜனவரி 26, மே 1, ஆகஸ்ட் 15, அக்டோபர் 2 என்று வருஷத்துக்கு நாலு தடவை கூடிக்கொண்டிருந்த கிராம சபை, 2022-ல் வந்த அறிவிப்புக்குப் பிறகு மார்ச் 22, நவம்பர் 1 ஆகிய நாள்களிலும் கூடுகிறது. தண்ணீர் நாளன்று ஊரே உட்கார்ந்து பேச ஒரு சபை! நாளைக்கு வருகிறவர்கள் இந்தப் படத்தை வரைந்து முடித்த நிலையில்தான் பார்ப்பார்கள். அது உருவான கதையைக் கூடவே இருந்து பார்க்கிற பாக்கியம் எனக்குக் கிடைத்தது. காலை ஆறு மணியிலிருந்து இந்தக் கூட்டத்தோடு சுற்றிக்கொண்டிருக்கிறேன். சொல்லாமல் எப்படி இருப்பது?

காலையில் முதல் வேலை ஆற்றங்கரையில். "யாரும் தண்ணியில கால் வைக்கக் கூடாது. நுரையைத் தொடக் கூடாது. கையுறை இல்லாதவங்க வேடிக்கை மட்டும்தான்." ஆசிரியர் மூன்று தடவை சொன்னார். பிறகுதான் பையைத் திறந்தார். நான் ஏதோ பெரிய கருவிகள் வரும் என்று எட்டிப் பார்த்தால், உள்ளேயிருந்து வந்தவை கயிறு கட்டிய வாளி, மாவு சலிக்கிற சல்லடை, வெள்ளைப் பீங்கான் தட்டு. வெள்ளைத் தட்டு எதற்குத் தெரியுமா? ஓரத்துச் சேற்றை வாரிச் சல்லடையில் அலசித் தட்டில் கொட்டினால், சேற்று நிறத்தில் ஒளிந்திருந்த உயிர்கள் எல்லாம் வெள்ளைப் பின்னணியில் பளிச்சென்று தெரிந்துவிடும்.

கொட்டினார்கள். பதினான்கு தலைகளும் ஒரே தட்டின் மேல் கவிந்தன. சேற்றுக்குள் நூல் மாதிரி ஏதோ நெளிந்தது. "அய்யோ, ரத்தம்!" என்றான் ஒரு பையன்.

உண்மையில் அவன் சொன்னது பாதி சரி. அது ஒரு வகைக் கொசு போன்ற பூச்சியின் புழு, ஆனால் கடிக்காத இனம். நம் ரத்தத்தில் இருக்கிற ஹீமோகுளோபின் அதன் உடம்பிலும் இருக்கிறது. அதனால்தான் அந்தச் சிவப்பு. தண்ணீரில் பிராணவாயு அருகிப்போனாலும், இருக்கிற கொஞ்சத்தைப் பிடித்து வைத்துக்கொண்டு அது பிழைத்துவிடும். மற்றப் பூச்சிகள் பலவற்றுக்கு அந்தச் சாமர்த்தியம் கிடையாது. ஆகவே தட்டில் பல வகைப் பூச்சிகள் ஓடினால் ஆறு ஓரளவு சுகமாக மூச்சு விடுகிறது என்று பொருள். சிவப்புப் புழு மட்டும் கும்பல் கும்பலாக நெளிந்தால் அடியில் மூச்சுத் திணறுகிறது என்று பொருள். மாவுச் சல்லடையும் சோற்றுத் தட்டும் போதும், ஆறு தன் உடம்பு நிலையைத் தானே சொல்லிவிடுகிறது! நான் இத்தனை வருஷம் ஆற்றைக் கரையில் நின்று மட்டும் பார்த்தவள். ஒரு பிடி சேற்றில் இவ்வளவு சேதி இருக்கும் என்று நினைத்ததே இல்லை.

பறவைகளையும் எண்ணினார்கள், வேகமாக. வனத்துறை நடத்துகிற நீர்ப்பறவைக் கணக்கெடுப்பு, பொங்கல் விடுமுறையில் பறவை ஆர்வலர்கள் நடத்துகிற பொங்கல் பறவைக் கணக்கெடுப்பு என்று தமிழ்நாட்டில் இப்போது ஊர் ஊராக இந்தப் பழக்கம் பரவிவிட்டது. இந்தப் பிள்ளைகளில் நாலு பேருக்கு நீர்க்காகமும் பாம்புத்தாராவும் வேறு வேறு என்று தூரத்திலிருந்தே தெரிகிறது. கழுத்தைப் பார்த்தால் போதுமாம்.

மத்தியானம் திண்ணைக்கு வந்தோம். இங்கேதான் எனக்குத் தலைகால் புரியவில்லை, அவ்வளவு சந்தோஷம்! ஏனென்றால் இது ராஜாஜி பிறந்த ஊர். 1878 டிசம்பர் 10-ல் பிறந்தார். அவர் பிறந்த வீடு இன்று நினைவு இல்லமாக இருக்கிறது. அரசியல் ராஜாஜியை எல்லோருக்கும் தெரியும். வேதியியலை எளிய தமிழில் சொல்ல 'திண்ணை ரசாயனம்' என்று ஒரு புத்தகமே எழுதியவர் அவர். 1916-லேயே, சேலத்தில் வக்கீலாக இருந்தபோது, அறிவியலுக்குத் தமிழ்ச் சொற்கள் உண்டாக்குவதற்கென்று ஒரு சங்கம் தொடங்கியவர்களில் ஒருவர். அந்த மனிதர் பிறந்த ஊரில், நிஜமான ஒரு திண்ணையில், நிஜமாகவே ரசாயனம் நடக்கிறது!

முதலில் மஞ்சள். ஒரு டம்ளரில் மஞ்சள் கரைத்த தண்ணீர். அதில் துணி சோப்புத் தண்ணீரை ஊற்றியதும் குப்பென்று சிவந்தது. "ஆரத்தி!" என்று கத்தினார்கள். ஆமாம், ஆரத்தித் தட்டில் மஞ்சளும் சுண்ணாம்பும் சேர்ந்து செய்கிற அதே வேலை. காரம் அதிகமானால் மஞ்சள் சிவக்கும். அடுத்தது சங்குப்பூ. கொதிநீரில் போட்டு எடுத்த நீலச் சாறு. எலுமிச்சை பிழிந்தால் இளஞ்சிவப்பு, சோப்புத் தண்ணீர் விட்டால் பச்சை. நாளைக்கு ஒரு மேசையில் வரிசையாக டம்ளர்கள் இருக்கும். புளித்தண்ணீர், குழாய்த் தண்ணீர், கிணற்றுத் தண்ணீர், துணி துவைத்த தண்ணீர், ஆற்றுத் தண்ணீர். ஊர்க்காரர்கள் சொட்டு விட்டுப் பார்க்க வேண்டும். எதில் என்ன நிறம் வரும் என்று முன்கூட்டியே பந்தயம் வேறு! பிள்ளைகள் இன்றைக்கே பதினேழு தடவை ஒத்திகை பார்த்துவிட்டார்கள். சங்குப்பூக் கொடி மொட்டையாகிவிட்டது.

பிறகு நுரை. ஒரே அளவு ரெண்டு பாட்டில். ஒன்றில் வெறும் தண்ணீர், இன்னொன்றில் ஒரு சொட்டு ஷாம்பு. ரெண்டையும் மேசைமேல் வைத்தால் வித்தியாசமே தெரியாது. குலுக்குங்கள் பார்ப்போம்! வெறும் தண்ணீரில் வந்த குமிழி உடனே உடைகிறது. இன்னொன்றில் கழுத்து வரை நுரை பொங்கி அப்படியே நிற்கிறது. "இப்பப் புரியுதா, அணைக்குள்ள தண்ணி ஏன் சும்மா கிடக்கு, ஷட்டரைத் திறந்ததும் ஏன் பொங்குதுன்னு?" என்று கேட்டார் ஆசிரியர்.

எனக்கு அப்போதுதான் புரிந்தது. தொரப்பள்ளிக்கு மேலே ஆற்றின் குறுக்கே நிற்பது கெலவரப்பள்ளி அணை. முழு நீர்மட்டம் 44.28 அடி. அதன் இடது, வலது கால்வாய்கள் சுமார் 8,000 ஏக்கருக்குத் தண்ணீர் கொடுக்கின்றன. மழைக்காலத்தில் ஷட்டர் திறந்தால் வெள்ளை மலைபோல நுரை எழும்பும். அண்மை ஆண்டுகளில் தட்டிகானப்பள்ளித் தரைப்பாலத்தையே நுரை மூடி, போக்குவரத்தை நிறுத்தியிருக்கிறது. நுரை அணையில் பிறப்பதில்லை. சோப்பும் கழிவும் ஏற்கெனவே தண்ணீரில் கரைந்து வந்துவிடுகின்றன. தண்ணீர் உயரத்திலிருந்து விழுந்து காற்றோடு கலக்கும்போதுதான் நம் கண்ணுக்குத் தெரிகின்றன. அணைதான் அந்தப் பாட்டில். ஷட்டர் அந்தக் குலுக்கல்.

அப்படியானால் ஷாம்பு எங்கிருந்து வருகிறது? அதற்கும் ஒரு விளையாட்டு வைத்திருந்தார்கள்.

பழைய டிராயிங் தாள் ஒன்றைக் கசக்கிப் பந்தாக்கி, மறுபடி அரைகுறையாகப் பிரித்துப் பலகைமேல் வைத்தார்கள். மேடும் பள்ளமுமாக ஒரு குட்டி மலைநாடு. மேடுகளின் விளிம்பில் நீல ஸ்கெட்ச் பேனாவால் கோடு. பிறகு, இஸ்திரிக்குத் தெளிக்கிற பாட்டிலால் மழை! நீலம் கரைந்து, இழை இழையாக இறங்கி, பள்ளங்களில் ஒன்றுசேர்ந்து, கடைசியில் ஒரே ஓடையாகக் கீழ்மூலையில் சொட்டியது. ஒருவரும் பேசவில்லை. மேட்டின் அந்தப் பக்கம் விழுந்த சொட்டு அந்தப் பக்கமே போனது, இந்தப் பக்கம் விழுந்தது இந்தப் பக்கம். அரசு ஆவணங்களில் 'நீர்வடிப்பகுதி' என்று எழுதுகிறார்களே, அந்தச் சொல்லுக்கு இதைவிட நல்ல விளக்கம் நான் பார்த்ததில்லை. எந்த மேட்டில் விழுகிற மழையெல்லாம் கடைசியில் ஒரே பள்ளத்துக்கு வடிகிறதோ, அந்த மேடும் பள்ளமும் சேர்ந்த நிலம் முழுவதும் ஒரே குடும்பம்.

நம் குடும்பத்தின் உச்சி மேடு கர்நாடகத்தில், 1,478 மீட்டர் உயர நந்தி மலைப் பக்கம். அங்கே இந்த ஆற்றுக்கு தட்சிண பினாகினி என்று பெயர். பெங்களூருவின் கிழக்குப் பகுதி ஏரிகள் பல ஒன்றுக்கொன்று வழிந்து கடைசியில் இதில்தான் சேருகின்றன. பெல்லந்தூர் ஏரி நிறைந்தால் வர்த்தூர் ஏரி, வர்த்தூர் நிறைந்தால் இந்த ஆறு. 2018 ஜனவரியில் தீப்பிடித்து, ராணுவ வீரர்கள் வந்து அணைத்தார்களே, அதே பெல்லந்தூர்! நுரை பறந்து சாலையில் போகிறவர்கள் மேல் விழுந்த ஏரி. அந்த நகரத்தின் குளியலறையும் துணி துவைக்கும் கல்லும் ஒரு வகையில் நமக்கு மேல்மடை.

இங்கே இந்த ஊர் மொழியைப் பற்றி ஒரு வார்த்தை. ஏரி என்று நாம் சொன்னால் பக்கத்து வீட்டில் தெலுங்கில் செருவு என்பார்கள், எதிர் வீட்டில் கன்னடத்தில் கெரெ என்பார்கள். வீட்டுக்குள் ஒரு மொழி, பள்ளிக்கூடத்தில் ஒன்று, சந்தையில் இன்னொன்று. நாளைய படத்தில் எல்லா இடத்துக்கும் மூன்று பெயரையும் மூன்று எழுத்தில் எழுதப்போகிறார்கள். தண்ணீர் மூன்று மொழி பேசும் நிலத்தின் வழியே வரும்போது, அதைப் பற்றிய கூட்டம் ஒரே மொழியில் நடந்தால் எப்படி?

சரி, இப்போது மறுபடி முன்வாசலுக்கு வாங்க. இரவின் உச்சக்கட்டம் இங்கேதான்!

படம் முக்கால்வாசி முடிந்துவிட்டது. நந்தி மலைக்குக் கருங்கல் ஜல்லி, ஊர்களுக்குச் செங்கல்பொடி, காட்டுக்கு வேப்பிலை, ஆற்றுக்கு வெள்ளை மாவு. எல்லோரும் இடுப்பில் கைவைத்து ரசித்துக்கொண்டிருந்தபோது அவ்வா எழுந்து உள்ளே போனார். ஒரு செம்புத் தண்ணீரோடு வந்தார். நேராக நந்தி மலையில் ஊற்றினார்.

தண்ணீர் ஓசூர்ப் பக்கம் வரவே இல்லை! நந்தி மலையிலிருந்து பின்னோக்கி ஓடி, வாசல் சாக்கடையில் இறங்கிவிட்டது.

"மலையக் கொண்டுபோய் பள்ளத்துல வச்சிருக்கீங்களே பிள்ளைங்களா. இந்த வாசல்ல மழை பெஞ்சா துளசி மாடத்துப் பக்கத்துலேர்ந்து சாக்கடைக்குத்தான் ஓடும். நாப்பது வருஷமா பெருக்குறேன்" என்றார்.

யாருக்கும் அழுகை வரவில்லை. வந்தது ஆரவாரம்! எட்டே முக்காலுக்குப் படத்தை அப்படியே கூட்டிப் பெருக்கித் தலைகீழாகத் திருப்பி வரைய ஆரம்பித்தார்கள். கடல் சாக்கடை ஓரத்துக்குப் போனது. நந்தி மலை துளசி மாடத்துக்குப் பக்கத்தில் குடியேறியது. நீர்வடிப்பகுதித் திட்டங்களில் ஊர்க்காரர்களை வைத்துத் தரையில் வரைபடம் போடச் சொல்வது நாடு முழுக்க உள்ள வழக்கம்தான். மேட்டிலிருந்து பள்ளத்துக்கு என்பது அந்த வேலையின் முதல் பாடம். அந்தப் பாடத்தை ஒரு செம்புத் தண்ணீரில் நடத்தி முடித்தவர் அவ்வா. நாளைக்குக் கூட்டம் தொடங்கும்போது முதல் செம்பை அவர்தான் ஊற்ற வேண்டும் என்று அங்கேயே முடிவாகிவிட்டது.

இரண்டாவது தடவை வரையும்போது ஒரு சண்டை. படம் எங்கே முடிய வேண்டும்? "நம்ம ஊரோட நிறுத்திக்கலாம், மாவு பத்தாது" என்றது ஒரு கட்சி. கல்லூரி அக்காக்களில் ஒருத்தி விடவில்லை. மேலே ஒன்று, கீழே ஒன்று, ரெண்டு ஊரையாவது கட்டாயம் போட வேண்டும் என்றாள்.

மேலே அவள் சொன்னது கைகொண்டரஹள்ளி. பெங்களூரு சர்ஜாபூர் சாலையில் உள்ள ஏரி. சீரழிந்து கிடந்ததை அந்தப் பகுதி மக்களே மாநகராட்சியோடு சேர்ந்து மீட்டெடுத்தார்கள். அங்கே 'கெரெ ஹப்ப' என்று ஏரித் திருவிழா நடத்துகிறார்கள். பிள்ளைகள் ஓவியம் வரைய, பெரியவர்கள் பறவை பார்க்க, ஏரியைச் சுற்றி நடக்க ஒரு நாள். அந்த ஏரியின் மிகுதி நீர் சவுளு கெரெ வழியாகப் பெல்லந்தூருக்கு இறங்குகிறது. அங்கிருந்து எங்கே வரும் என்று சொல்ல வேண்டுமா? அங்கே ஒரு பிள்ளை ஏரிக்கு விழா எடுத்தால் இங்கே ஒரு பிள்ளைக்கு ஆறு கொஞ்சம் தெளிகிறது. நினைக்கவே சிலிர்க்கிறது!

கீழே அவள் கேட்டது மணலூர்ப்பேட்டை. தை 5-ம் நாள் அங்கே ஆற்றுத் திருவிழா. திருவண்ணாமலை அருணாசலேஸ்வரரே தென்பெண்ணைக்கு வந்து தீர்த்தவாரி கொள்கிறார். சுற்றுவட்டார ஊர்ச் சாமிகளும் மணலில் வந்து இறங்க, ஆற்றுக்குள்ளேயே கடை, ராட்டினம், ஜனம். இந்த வாசலில் பாதிப் பிள்ளைகளுக்கு அது தெரியவே தெரியாது. "நம்ம ஆத்துக்கா? சாமி வருமா?" என்று அவர்கள் கேட்டபோது அந்தக் கண்களை நீங்கள் பார்த்திருக்க வேண்டும்.

ஆசிரியர் நடுவில் ஊத்தங்கரையையும் சேர்த்தார். 2024 டிசம்பர் தொடக்கத்தில் ஃபெஞ்சல் புயலின்போது ஒரே நாளில் அங்கே 50 சென்டிமீட்டர் மழை கொட்டியது நினைவிருக்கும். அவர் தரையில் கரியால் கணக்குப் போட்டார். ஒரு ஏக்கரில் 50 சென்டிமீட்டர் என்றால் சுமார் 20 லட்சம் லிட்டர். பன்னிரண்டாயிரம் லிட்டர் லாரி என்று வைத்தால் நூற்று அறுபதுக்கும் மேல். ஒரே ஒரு ஏக்கருக்கு! அந்தத் தண்ணீர் பாம்பாறு வழியே தென்பெண்ணையில் சேர, சாத்தனூர் நிரம்பித் திறக்க, விழுப்புரமும் கடலூரும் மூழ்கின. மேட்டில் குளமும் குட்டையும் தேக்கிக்கொண்டால் அவ்வளவும் நின்றுவிடும் என்று அவர் சொல்லவில்லை. அவ்வளவு மழையை எதுவும் முழுசாக நிறுத்தாது. ஆனால் தூர்ந்துபோன ஒவ்வொரு ஏரியும் கீழே இருக்கிறவர் வீட்டுக்குள் இறங்குகிறது என்றார். அதை அவர் சொன்ன விதத்தில் வாசல் கொஞ்ச நேரம் அமைதியாக இருந்தது.

படம் வளர்ந்தது. கெலவரப்பள்ளிக்குக் கீழே தொரப்பள்ளி. அதற்குக் கீழே கிருஷ்ணகிரி அணை. 1957-ல் திறந்த அணை, 52 அடி. அதற்குக் கீழே சாத்தனூர், 119 அடி. அப்புறம் கடல். தொரப்பள்ளியிலிருந்து கிருஷ்ணகிரி அணை வரை கோட்டை இழுத்த பெண் நிமிர்ந்து கேட்டாள்: "அப்ப கிருஷ்ணகிரிக்காரங்களுக்கு நாமதான் மேல்மடையா?"

அவ்வளவு நேரம் எல்லோரும் மேலேயே விரல் நீட்டிக்கொண்டிருந்தார்கள், நானும்தான். பெங்களூருவின் கழிவு நம் தலையில் விழுவது உண்மை. அதைக் கேட்கிற உரிமை நமக்கு உண்டு, கேட்டே தீர வேண்டும். ரோஜாவும் தக்காளியும் முட்டைக்கோசும் விளைவிக்கிற இந்த மண்ணில், தண்ணீரில் இறங்கினால் அரிக்கிறது என்கிற விவசாயியின் குரல் சபையில் பதிவாக வேண்டும். ஆனால் கோலமாவுப் படத்தில் எந்த ஊரும் கடைமடையாக மட்டும் இருக்க முடியாது. ஓசூரின் சாக்கடையும் தொழிற்பேட்டையும் நம் ஊர் ஓடையும் இதே கோட்டில்தான் வந்து சேர்கின்றன. இன்னொன்றும் உண்டு. இந்தக் கிருஷ்ணகிரி மாவட்டத்துக்குக் குடிநீர் தருவது ஒகேனக்கல் கூட்டுக் குடிநீர்த் திட்டம், அதாவது காவிரி. தென்பெண்ணைக் கரையில் இருந்துகொண்டு வேறோர் ஆற்றின் நீரைக் குடிக்கிறோம். குடிக்காத ஆற்றைக் கவனிக்க மறப்பது எளிது. அதனால்தான் இந்த வாசல் எனக்கு இவ்வளவு முக்கியமாகப் படுகிறது.

கடைசியாக, யாரும் பார்க்காத ஒரு வேலை. திண்ணை விளக்கடியில் ஆசிரியரும் ஊர்ப் பெண்மணிகள் மூன்று பேரும் நாளைய தீர்மானத்தை எழுதிக்கொண்டிருந்தார்கள். மேடைக்குப் பின்னால் நடக்கிற வேலைகளிலேயே பெரியது இதுதான். கிராம சபையில் ஐந்நூறுக்கு மேல் மூவாயிரம் பேர் வரையுள்ள ஊராட்சிக்கு நூறு பேரும், அதற்கு மேல் பத்தாயிரம் வரை என்றால் இருநூறு பேரும் வந்திருந்தால்தான் குறைவெண் வரம்பு நிறையும். கணக்கில் சேர்பவர்கள் வாக்காளர் பட்டியலில் பெயர் உள்ளவர்கள் மட்டும். அப்படியென்றால் இரவெல்லாம் வரைந்த இந்தப் பதினான்கு பேரில் ஒருவர்கூடச் சேர்த்தி இல்லை!

அதற்கும் வழி கண்டுபிடித்துவிட்டார்கள். ஒவ்வொரு பிள்ளையும் குறைந்தது ஐந்து பெரியவர்களைக் கையைப் பிடித்துக் கூட்டி வர வேண்டும். சங்குப்பூ டம்ளர்ப் பந்தயத்துக்கு வந்தாலும் சரி, அவ்வா மலையில் தண்ணீர் ஊற்றுவதைப் பார்க்க வந்தாலும் சரி.

தீர்மானத்தின் சொற்களையும் அளந்து அளந்து எழுதினார்கள். 'ஆற்றைச் சுத்தம் செய்ய வேண்டும்' என்று முதலில் எழுதியதை அடித்தார் ஒரு பெண்மணி. "யாரு, எப்போ, எதைன்னு இல்லாம எழுதினா புத்தகத்துலயே தூங்கும்" என்றார். பிறகு வந்தவை சின்னச் சின்ன வரிகள். ஊர் ஓடை எந்தெந்த இடத்தில் ஆற்றில் கலக்கிறது என்று பட்டியல் எடுப்பது. கிணறுகளின் நீர்மட்டத்தை மாதம் ஒரு தடவை அளந்து பலகையில் எழுதுவது. பிரிவினைக்கு முந்தைய பக்கத்து ஆந்திரத்தில், சித்தூர், அனந்தபூர் உட்பட ஏழு மாவட்டங்களில், விவசாயிகளே மழையையும் கிணற்றையும் அளந்து, இருக்கிற நீருக்கு ஏற்பப் பயிரைத் தீர்மானித்த திட்டம் 2003 வாக்கில் தொடங்கி வருஷக்கணக்கில் நடந்திருக்கிறது. முடிச்சுப் போட்ட கயிறும் ஒரு நோட்டும் இருந்தால் இங்கேயும் முடியும். கயிற்றை ஒரு பையன் ஏற்கெனவே கொண்டுவந்துவிட்டான்.

மணி பத்தரை. படம் முடிந்தது. எல்லோரும் கைகழுவப் போன நேரம் மேல்மடைக் கேள்வி கேட்ட அந்தப் பெண் மட்டும் உட்கார்ந்தபடியே இருந்தாள். செங்கல்பொடியில் ஒரு சிட்டிகை எடுத்து, தொரப்பள்ளிப் புள்ளிக்குப் பக்கத்தில், ஆற்றின் ஓரமாக வைத்தாள்.

"என்னம்மா அது?"

"எங்க வீட்டுச் சோப்புத் தண்ணி இங்கதான் சேருதுக்கா."

கைகழுவிவிட்டு வந்த அடுத்த பையன் அதைப் பார்த்தான். குனிந்து தன் வீட்டுக்கும் ஒரு சிட்டிகை வைத்தான். பிறகு இன்னொருத்தி, இன்னொருவன். அவ்வாவும் இறங்கி வந்து, "எங்க வீட்டை விட்டுட்டீங்களே" என்று ஒரு பிடி வாங்கிக்கொண்டார். பத்து நிமிஷத்தில் செங்கல்பொடி காலி. விடிந்ததும் முதல் வேலையாக இன்னும் ரெண்டு செங்கல் இடிக்க வேண்டும். வருகிற ஒவ்வொருவரிடமும் நாளைக்கு ஒரு சிட்டிகை கொடுக்கப் போகிறார்களாம்.

நான் ராத்திரி ஊர் திரும்புவதாக இருந்தேன். போகவில்லை. உலக்கை இருக்கிற இடத்தைக் கேட்டு வைத்துக்கொண்டேன்.